சத்தம் பிறகு சேர்த்துக்கொள்ளப்படும்

காது ஆஸ்பத்திரியில் மகளைச் சோதனை அறைக்குள் நர்ஸ் அழைத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தியபோது மணி பதினொன்று இருபது. பன்னிரண்டரைக்கு மாப்பிள்ளை வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அதற்குள் பரஞ்சோதி தன் மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாக வேண்டும், இன்றைக்கு அவருக்கு இந்த வடபழனியில் வேறு வேலை கிடையாது. உன் புருஷன் உன்னை அடிக்கிறாரா? நாலே வார்த்தை. நாற்பது வருஷம் சினிமாவில் கிடந்தவனுக்கு நாலு வார்த்தை வசனம் வாயில் வராமல் போகுமா? போகிறதே. ஆட்டோவில் வரும்போது கேட்டிருக்கலாம், ஆட்டோ போடுகிற சத்தத்தில் எப்படிக் கேட்பது என்று விட்டார். மாடிப்படி ஏறும்போது கேட்டிருக்கலாம், மூச்சு வாங்கியது. டோக்கன் வாங்க நின்றபோது பக்கத்தில் ஆள் நின்றது. சாக்குக்கா பஞ்சம்? பொற்கொடி அவருக்கு ஒரே பெண், முப்பத்தெட்டு வயசு, மடிப்பாக்கத்தில் குடித்தனம். போன திங்கட்கிழமை போனில் பேசிக்கொண்டிருந்தபோது, "இருப்பா, காதை மாத்திக்கறேன்" என்றாள். என்னம்மா ஆச்சு என்றால், சளி, அடைச்சுக்கிச்சு. எந்தக் காது என்றால், இடது. இடது காது. வலது கைக்காரன் எதிரே நின்று அறைந்தால் விழுகிற காது. இதைப் பரஞ்சோதிக்கு எந்த டாக்டரும் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை, அவருடைய இடது காது செத்து முப்பது வருஷம் ஆகிறது. காய்ச்சலில் போனது என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். ஊர் நம்பியது, பெண்டாட்டி வேணி சாகிறவரைக்கும் நம்பியதுபோல் இருந்தாள், பெண்ணும் நம்பினாள். காய்ச்சல், சளி. இருமல் ஒன்றுதான் பாக்கி. அப்பனும் மகளும் சேர்ந்து ஒரு மருந்துக்கடை வைக்கலாம்.

எதிர்ச் சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. காது கேட்காத குழந்தைகள் நிறைய வருகிற இடமாம், அதனால் எந்நேரமும் பொம்மைப் படம். கறுப்பு வெள்ளை, அதுவும் எந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளையோ, மழை பெய்வதுபோல் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. பூனையா நாயா என்று தீர்மானமாகச் சொல்ல முடியாத ஒன்று, கண்ணுக்குப் பதிலாகக் கால்வாசி வெட்டிய வட்டம், கைகாலெல்லாம் ரப்பர் குழாய், எலும்பே கிடையாது. அது மட்டும் ஆடினால் பரவாயில்லை. அது உட்கார்ந்திருந்த நாற்காலியும் ஆடியது, அடுப்பு ஆடியது, அடுப்புக்குப் பல் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே வீடுகள் இடுப்பை வளைத்து வளைத்து ஆடின. எதற்கு என்று கேட்டால் ஒன்றுக்கும் இல்லை. சும்மா நிற்கத் தெரியாத உலகம். ஒரு மாட்டைப் பிடித்து அதன் விலாவை இரண்டு குச்சியால் தட்டியது அந்தப் பூனை, எலும்புக்கு ஒரு ஸ்வரம் வந்தது. மாடு பல்லைக் காட்டிச் சிரித்தது. "இதை நிறுத்தக் கூடாதாம்மா?" என்று வரவேற்பு மேஜைப் பெண்ணைக் கேட்டார். கழுத்தில் அடையாள அட்டை, ஜெனிஃபர். "சேனல் வெச்சா விளம்பரமா வருது சார். இது பென் டிரைவ். அதுவா சுத்திச் சுத்தி ஓடும்" என்றாள். "பேசும் படம் வந்த புதுசுல எடுத்ததாம், நூறு வருஷம் ஆகப்போகுது. நல்லா இருக்குல்ல?" நல்லாத்தான் இருக்கிறது. படங்களுக்குச் சத்தம் சேர்க்கிற எஃபெக்ட்ஸ் மாசிலாமணி இருந்திருந்தால் சொல்லியிருப்பான். அவன்தான் ஒருநாள் டப்பிங் தியேட்டரில் டீ குடித்துக்கொண்டே இந்த மாதிரிப் படங்களைப் பற்றிச் சொன்னது. 'சத்தம்னு ஒண்ணு புதுசா கைக்குக் கிடைச்சதும் அவனுங்களுக்குக் கைகால் நிக்கல பரஞ்சோதி. எதைத் தொட்டாலும் சத்தம் போட வெச்சான். பல்லைப் பிடுங்கினா மணி, வாலை இழுத்தா பீப்பி. அடிச்சா வலிக்கும்கறதே மறந்துபோச்சு, அடிச்சா என்ன சத்தம் வரும்கறதுதான் கணக்கு.' மாசிலாமணி அதை மெச்சித்தான் சொன்னான். இவரும் தலையை ஆட்டிக்கொண்டு டீ குடித்தார். இப்போது அந்தப் பூனையை ஒரு கரடி பலகையால் அடித்தது. பூனை அப்பளமாகத் தரையில் கிடந்தது, ஒரு மணி அடித்தது, உதறிக்கொண்டு எழுந்து மறுபடி ஆட ஆரம்பித்தது.

அதுதானே பரஞ்சோதி. 'ஸ்பிரிங்' பரஞ்சோதி என்று போஸ்டரில் கடைசி வரியில் போடுவார்கள், விழுந்த வேகத்தில் எழுந்து நிற்பான் என்பதால் தங்கசாமி அண்ணன் வைத்த பெயர். அண்ணன்தான் அந்தக் காலத்துக் காமெடிக்கு ராஜா, பரஞ்சோதி அவர் பக்கத்தில் நின்று அடி வாங்குகிற ஆள். சினிமா அடி என்றால் அது கலை, லேசில் வராது. கை முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போகும், போகிற அதே கணத்தில் முகம் திரும்ப வேண்டும். முந்தினால் பைத்தியக்காரன் மாதிரி இருக்கும், பிந்தினால் கன்னம் போய்விடும். சத்தம் அப்புறம் சேர்த்துக்கொள்வார்கள். ஒரு படத்தில் மட்டும் அது அமையவில்லை. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பஸ் ஸ்டாண்டில் ஷூட்டிங். அண்ணனுக்குக் கை தளர்ந்துபோன சமயம், கை வருகிற நேரம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி. இவர் முகம் திரும்பிய பிறகு கை வந்து சேர்ந்தது. வேடிக்கை பார்க்க வந்த ஜனம் தப்பான இடத்தில் சிரித்தது. டைரக்டர் குடையைத் தூக்கித் தரையில் அடித்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, ஃபிலிம் போய்க்கொண்டிருந்தது, அண்ணனின் முகம் சுருங்கிப்போயிற்று, அந்த முகத்தைப் பார்க்க இவருக்குத் தாங்கவில்லை. தாங்கவில்லையா? அல்லது அடுத்த படத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்ற பயமா? பயந்தான், பயந்தான், இப்போது யாரிடம் பூசி மெழுக வேண்டும். "அண்ணே, நிஜமாவே அடிச்சிடுங்கண்ணே, எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொன்னது யார்? இந்த வாய்தான். யூனிட்டில் ஒருத்தன் கைதட்டினான். பதினோரு டேக். ஒவ்வொரு டேக்குக்கும் நடுவில் அண்ணன் இவர் தாடையைப் பிடித்துக்கொண்டு, வலிக்குதாடா பரஞ்சோதி, வலிக்குதாடா என்று கேட்டார், நல்ல மனுஷன். இவர் சிரித்தார். ஏழாவது டேக்கில் காதுக்குள் யாரோ விசில் அடிக்க ஆரம்பித்தான். பதினோராவது ஓகே ஆனபோது அண்ணன் ஏதோ சொன்னார், அண்ணனின் உதடு மட்டும் அசைந்தது. அப்புறம் டப்பிங் தியேட்டரில் மாசிலாமணி அந்த ரீலைப் போட்டுப் பார்த்துவிட்டு, 'உன் கன்னத்துச் சத்தம் எடுபடலைப்பா, சப்புன்னு இருக்கு' என்று சொல்லி, ஈரத் துண்டை முறுக்கித் தன் தொடையில் பளார் என்று அடித்து அதைப் பதிவு செய்துகொண்டான். காது போயிற்று, அந்தச் சத்தத்தைக்கூட எவனும் வைத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது, எந்த யூனிட்டில் டைமிங் வராவிட்டாலும், பரஞ்சோதியைக் கூப்பிடு, அவன் நிஜமாவே வாங்கிக்குவான் என்றார்கள்.

டிவியில் பூனையின் தலை கழன்று உருண்டு போக, உடம்பு அதைத் துரத்திக்கொண்டு ஓடியது. பக்கத்தில் ஒரு அம்மாள் மிஷின் மாட்டிய காதோடு அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு வரத்தான் செய்யும். தியேட்டரே சிரித்ததே, மகள் கொடிக்கு அப்போது எட்டு வயசு, உதயம் தியேட்டரில் மாட்னி ஷோ. அந்தப் பக்கம் வேணி, நடுவில் கொடி, இந்தப் பக்கம் இவர், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு. பஸ் ஸ்டாண்ட் காட்சி வந்தது. பளார். தியேட்டர் கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரிச் சிரிப்பு, விசில், ஒருத்தன் பேப்பரைக் கிழித்துத் தூவினான். இவர் வாழ்க்கையில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன்னால் கேட்டதில்லை, கேட்டது ஒரு காதில்தான் என்றாலும். குனிந்து பார்த்தால் குழந்தை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, அப்பா, அப்பா என்று இவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அழுகிறாள். அன்றைக்குச் சொன்ன பொய்தான். 'அய்ய, நிஜ அடின்னு நெனச்சியா? எல்லாம் நடிப்புடா கண்ணு. கை மேல படவே படாது. சத்தம் அப்புறமா சேத்துப்பாங்க.' வீட்டுக்கு வந்து பீரோக் கண்ணாடி முன்னால் நிற்க வைத்துச் செய்தும் காட்டினார். குழந்தை தேறிவிட்டது. தேறினது மட்டுமா, பெருமை வேறு. பள்ளிக்கூடத்தில் போய் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள், எங்கப்பாவுக்கு வலிக்காது, அது நடிப்பு என்று. அப்படியா, உனக்கு வலிக்குமா பார்க்கலாம் என்று ஒரு பையன் ஆரம்பித்தான். அப்புறம் இன்னொருத்தன். தினமும் மத்தியானம் சாப்பாட்டு வேளையில் படத்து வசனத்தைச் சொல்லிவிட்டு அறைவது. கன்னம் வீங்கி வந்து நின்றாள். எந்த அப்பனாக இருந்தாலும் என்ன செய்திருப்பான்? பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பான், அந்தப் பையன்களின் காதைத் திருகியிருப்பான், ஹெட்மாஸ்டரிடம் சண்டை போட்டிருப்பான். பரஞ்சோதி என்ன செய்தார்? வித்தை சொல்லிக்கொடுத்தார். 'கையைப் பார்க்கக் கூடாது கொடி, கண்ணைப் பாரு. அடிக்கறவன் கண்ணு முதல்ல சுருங்கும். சுருங்கின உடனே நீ திரும்பிடணும். திரும்பும்போது கழுத்தை விட்டுடு, இறுக்காதே.' மூன்று நாள் சாயங்காலம் ஒத்திகை. என்ன ஒரு கிரகிப்பு அந்தக் குழந்தைக்கு! நாலாம் நாள் ஓடி வந்தாள், இன்னைக்கு அடிச்சான்ப்பா, வலிக்கவே இல்ல. இவர் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய்க் கமர்கட்டு வாங்கிக்கொடுத்தார். மறுநாள் ஷூட்டிங்கில் பத்துப் பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டார், எம்பொண்ணு டைமிங் என்னைவிட நல்லா இருக்குன்னு. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஏண்டா பாவி என்று கேட்டிருக்கக் கூடாதா?

பென் டிரைவில் அடுத்த படம் தொடங்கியது. இதில் பூனை இல்லை, ஒரு மனுஷன், மனுஷன் என்று சொல்லலாமென்றால். கன்னங்கரேல் என்று தலை, கண் இரண்டும் முழித்தபடி வெள்ளை வெளேர், உதடு மட்டும் இரண்டு இட்லியை ஒட்டினாற்போல் தடியாக வெள்ளையாக. மூட்டையோடு ஓடி வந்து மரத்தில் மோதி விழுந்தான், ஒரு பொந்துக்குள்ளிருந்து முதலை அவன் பின்பக்கத்தைக் கவ்வியது, அவனும் பல்லைக் காட்டிச் சிரித்தான். வாத்தியம் வாசித்தவர்கள் வெகு உற்சாகமாக வாசித்திருக்கிறார்கள். பக்கத்து அம்மாள் இதற்குச் சிரிக்கவில்லை, முகத்தைச் சுளித்துக்கொண்டு, "சே, என்ன இது, அசிங்கமா" என்றாள். ஜெனிஃபர் தலையைத் தூக்கிப் பார்த்து, ஐயய்யோ என்று ரிமோட்டைத் தேடினாள். ஆக, இப்போது பார்த்தால் அசிங்கம் தெரிகிறது. நூறு வருஷம் கழித்து, வேறு தேசத்துக் கறுப்பு மனுஷன் பட்ட அவமானம் இந்த மாடியில் ஒரு ரிமோட்டைத் தேட வைக்கிறது. முப்பது வருஷத்து அசிங்கத்துக்கு அந்த யோகம் இன்னும் வரவில்லை, அது வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மேக்கப்காரர் ராஜப்பா கரியைக் குழைத்துக்கொண்டே சொல்வார், நீ கறுப்புதான் பரஞ்சோதி, ஆனா ஸ்கிரீனுக்கு இது போதாதுப்பா. கறுப்பு மேல் கறுப்பு. அண்ணன் அதைப் பார்த்து ஒரு தடவைக்கு ஒரு உவமை சொல்வார், அடுப்படி, தார் டின், எருமை. தியேட்டர் சிரிக்கும், இவரும் ராத்திரி வீட்டுக்கு வந்து வேணியிடம் சொல்லிச் சிரிப்பார். போன வருஷம் ஒரு பெண் வந்தாள், காலேஜில் ஆராய்ச்சி பண்ணுகிறவள், கையில் ரெக்கார்டர். உருவத்தைக் கேலி செய்கிற நகைச்சுவை பற்றி எழுதுகிறாளாம். 'உங்களுக்கு அப்ப எப்படி இருந்துச்சு சார்?' என்று கேட்டாள். மரியாதையாக, மெதுவாக, கண்ணைப் பார்த்துக் கேட்டாள். ஒரு மனுஷன் உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? இவர் ஸ்டூலிலிருந்து விழுந்து எழுந்து காட்டினார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. ரெக்கார்டரை அணைத்துவிட்டு, தண்ணி வேணுமா சார் என்று கேட்டாள். அன்றைக்கு முழுக்க அவருக்கு அந்தப் பெண் மேல்தான் கோபம் கோபமாக வந்தது.

ஜெனிஃபர் ஒருவழியாகப் பூனைக்குத் திருப்பிவிட்டாள். மணி பன்னிரண்டு. உள்ளே கொடி ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கிக்கொண்டிருப்பாள். கேட்காத சத்தத்துக்கும் அமுக்குவாளோ, நல்ல பிள்ளை என்று பெயர் வாங்க. தீபாவளிக்கு மறுநாள் அவர்கள் வீட்டில் காலைச் சாப்பாடு. இவர் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார், கொடி அலமாரிக்குப் பக்கத்தில் நின்று சட்னி ஊற்றிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை நந்தகுமார் மேல் தட்டிலிருந்து டம்ளர் எடுக்கக் கையைத் தூக்கினார். தூக்கினார், அவ்வளவுதான். கொடியின் முகம் திரும்பியது. கழுத்து தளர்ந்து, கண் மூடாமல், கை புறப்பட்ட அதே கணத்தில், ஒரு துளி முந்தாமல் ஒரு துளி பிந்தாமல். மாப்பிள்ளை டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். அவள் விட்ட இடத்திலிருந்து சட்னி ஊற்றினாள், ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை. பரஞ்சோதிக்கு அந்தக் கணத்தில் முதலில் என்ன தோன்றியது? அதை யாரிடம் சொல்வது. அடடா, என்ன டைமிங் என்றுதான் தோன்றியது. ஆத்தாடி, அதுதான் தோன்றியது. தொழில்காரன் கண் முந்திக்கொண்டது, அப்பன் கண் பின்னால் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்ததும் வாயிலிருந்த இட்லியை அவசரமாக மென்றார். முழுங்கினார், கண்டும் காணாததுபோல் இன்னொரு இட்லி கேட்டு வாங்கினார். மாப்பிள்ளையோ தங்கமான மனுஷன், லிஃப்ட் கம்பெனியில் சர்வீஸ் மேனேஜர், குடி கிடையாது, பார்க்கும்போதெல்லாம் காலைத் தொட்டுக் கும்பிடுவார். பெண் பார்க்க வந்த அன்றே சொன்னார், 'மாமா, நீங்க அடி வாங்கறதைப் பாத்துத்தான் நான் வளந்தேன்.' கூட வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். இவர் பூரித்துப் போனார். வீட்டுக்கு நண்பர்கள் வந்தால் பெரிய டிவியில் பஸ் ஸ்டாண்ட் காட்சியைப் போட்டுக் காட்டுவாராம், ஒரு தடவை ஓடினதும் பின்னால் இழுத்து மறுபடி போடுவாராம். கொடி அப்போது எங்கே இருப்பாள்? காபி கொண்டு வருவாள்.

சரி, கேட்டுவிடுவது. வெளியே வந்ததும் கையைப் பிடித்து ஓரமாக உட்கார வைத்து, கொடி, அப்பாகிட்ட மறைக்காதே. இல்லை, இது நாடகத்தனமாக இருக்கிறது. மாப்பிள்ளை எப்படிம்மா இருக்காரு? இது ஒன்றுக்கும் உதவாது, நல்லா இருக்காருப்பா என்பாள். அடிக்கிறாரா என்றே கேட்டுவிடுவது. ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அங்கேதான் வண்டி நிற்கிறது, ஒரு வாரமாக அங்கேயேதான் நின்றுகொண்டிருக்கிறது. ஆமாம் என்றால் வா என்று கூட்டிக்கொண்டு போக வேண்டும். சாலிகிராமத்தில் ஒற்றை அறை, ஒரு கட்டில். கட்டிலில் அவள் படுத்தால் இவர் தரையில் படுத்துவிட்டுப் போகிறார், அதுவா இடைஞ்சல்? கீழ் வீட்டுக்காரர்கள் என்ன கேட்பார்கள், சம்பந்தி வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதா? அதுவும் இல்லை. ஏன் திருப்பி ஒரு வார்த்தை கேட்காமல் இத்தனை நாள் வாங்கிக்கொண்டு நின்றாய் என்று இவர் வாய் தவறிக் கேட்டுவிட்டால், அவள் நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வைதான் பயம். மாப்பிள்ளையைக் கண்டு ஒரு பயமும் இல்லை, லிஃப்ட் ரிப்பேர்க்காரன். பெற்ற பெண்ணைக் கண்டுதான் பயம். ஒருவேளை சளியாகவே இருக்கலாம், ஏன் இருக்கக் கூடாது, மார்கழிக் குளிர், அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே சைனஸ் உண்டு. உண்டா? இல்லை, அது வேணிக்கு. பூனை ஏணியிலிருந்து விழுந்தது, மணி அடித்தது, எழுந்தது. எவ்வளவு நேரமாக விழுந்து விழுந்து எழுகிறது, ஒரு தடவையாவது படுத்தே கிடந்தால் என்ன குடி முழுகிவிடும்? எழுந்திருக்காதேடா, கிட, உனக்கு அடிபட்டிருக்கு என்று அவருக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. "பொற்கொடியோட அப்பா, உள்ள கூப்பிடறாங்க" என்று ஜெனிஃபர் இரண்டாவது தடவை சத்தம் போட்டுக் கூப்பிட்டாள்.

டாக்டர் அம்மாளுக்கு ஐம்பது வயசிருக்கும், நரையை மறைக்காத தலை. மேஜையில் ஒரு தாள், அதில் சிவப்புக் கோடு மேலாக நேரே போயிற்று, நீலக் கோடு பாதியில் சரிந்து கீழே இறங்கியது. கொடி புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, தனக்கு இல்லை, வேறு யாருக்கோ துணையாக வந்தவள்போல் உட்கார்ந்திருந்தாள்.

"செவிப்பறையில ஓட்டை இருக்கு சார். அது ஆறிடும். ஆனா உள்ள நரம்பும் பாதிச்சிருக்கு, அதுதான் எனக்குப் புரியல. சளியால இப்படி ஆகாது. எங்கயாவது விழுந்தீங்களா, அடிகிடி பட்டுச்சான்னு கேட்டேன், இல்லவே இல்லங்கறாங்க. உங்க குடும்பத்துல யாருக்காவது காது கேக்காம இருக்கா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கொடி முந்திக்கொண்டாள். "அப்பாவுக்கு இருக்கு மேடம். இதே இடது காதுதான். பரம்பரையா வர்றதா இருக்கும்." சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்படி ஒரு கெஞ்சலை அவர் அவள் முகத்தில் பார்த்ததே இல்லை. ஒரு 'ஆமாம்' போதும். டாக்டர் அதை எழுதிக்கொள்வாள், மாப்பிள்ளை கீழே வந்து நிற்பார், கொடி நிம்மதியாக இறங்கிப் போவாள், எல்லாருக்கும் சௌகரியம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"பரம்பரை இல்ல டாக்டர்" என்றார் பரஞ்சோதி. "அடி."

டாக்டர் கண்ணாடியைத் தூக்கி அவரை உற்றுப் பார்த்தாள். முகம் மலர்ந்துகொண்டே வந்தது. "சார், நீங்க... ஸ்பிரிங் பரஞ்சோதிதானே? நானும் அப்பத்திலேருந்து எங்கயோ பாத்த முகமா இருக்கேன்னு நெனச்சேன். எங்க வீட்டுல உங்க பஸ் ஸ்டாண்ட் சீன் பாக்காத நாளே கிடையாது சார்!" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொடியும் சேர்ந்துகொண்டாள், "எங்கப்பா எப்பவும் இப்படித்தான் மேடம், எதுக்கெடுத்தாலும் காமெடி."

பழகிப்போன முகம், அதுவாகவே இளிக்கத் தயாரானது. பரஞ்சோதி அதைப் பிடித்து நிறுத்தினார். "சிரிக்காதீங்கம்மா" என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "நீங்க பாத்து சிரிச்சீங்களே, அந்த சீன்லதான் இந்தக் காது போச்சு. பதினோரு தடவை நிஜமாவே அடிச்சாங்க. காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. கொடி, உன்கிட்ட அப்பா பொய் சொன்னேன். வலிச்சுதும்மா. உயிர் போற மாதிரி வலிச்சுது."

டாக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. கொடி தாளில் இருந்த நீலக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜை மேல் அவளுடைய போன் அதிர்ந்து மேஜையோடு சேர்ந்து நடுங்கியது, மாப்பிள்ளை கீழே வந்துவிட்டார் போலிருக்கிறது. அவள் எடுக்கவில்லை.

"யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா சார்?" என்று டாக்டர் தணிந்த குரலில் கேட்டாள்.

"இல்லம்மா. நானாத்தான் கேட்டு வாங்கினேன்."

போன் அதிர்ந்து ஓய்ந்தது. கொடி அதை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"அவரும் அதையேதான்ப்பா சொல்றாரு" என்றாள், தலையைத் தூக்காமல். "நானாத்தான் கேட்டு வாங்கிக்கறேனாம்."